மணல் அடைத்த ராக்கெட்டும் பீப் அடித்த உருண்டையும்

கேள்வி: 1957-ல் ஸ்புட்னிக்கை ரஷ்யாதான் முதலில் ஏவியது என்று படிக்கிறோம். அப்படியானால் அமெரிக்காவிடம் அப்போது அதற்கான ராக்கெட்டே இல்லையா? அவ்வளவு பின்தங்கியா இருந்தார்கள்? அந்த ஸ்புட்னிக் இப்போதும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறதா?

ராக்கெட் இருந்தது. ஸ்புட்னிக்குக்கு ஓராண்டுக்கு முன்பே இருந்தது. அதன் கடைசி அடுக்கில் எரிபொருளை வைக்காமல் மணலை அடைத்து அனுப்பினார்கள், அதுதான் வேடிக்கை.

1956 செப்டம்பர் 20, ஃபுளோரிடாவின் கேப் கனாவெரல். அன்று கிளம்பிய ராக்கெட்டின் பெயர் ஜூபிட்டர்-சி. செய்தவர்கள் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் இருந்த அமெரிக்கத் தரைப்படையின் ஏவுகணைக் குழு. தலைவர் வெர்னர் ஃபான் பிரவுன், ஒரு காலத்தில் ஹிட்லருக்கு வி-2 ஏவுகணை செய்து கொடுத்தவர். அடியில் நீளமாக்கிய ரெட்ஸ்டோன் ஏவுகணை. அதன் தலையில் ஒரு டப்பா, அந்த டப்பாவுக்குள் திட எரிபொருள் அடைத்த சின்னச் சின்ன ராக்கெட்டுகள்: இரண்டாம் அடுக்கில் 11, மூன்றாம் அடுக்கில் 3. டப்பா மொத்தமும் பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே போகும். மூன்றாம் அடுக்குக்கு மேல் இன்னும் ஒன்று வைக்க இடம் இருந்தது. அந்த இடத்தில்தான் மணல். ராக்கெட் சுமார் 1,100 கிலோமீட்டர் உயரம் ஏறி, 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் அட்லாண்டிக்கில் விழுந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 1,100 கிலோமீட்டர் ஏறியது என்றால் விண்வெளிக்கே போய்விட்டதே, அப்புறம் ஏன் விழுந்தது? மேலே ஏறுவது வேறு, பூமியைச் சுற்றுவது வேறு. பக்கவாட்டில் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகம் இருந்தால்தான், ஒரு பொருள் விழ விழப் பூமியின் வளைவும் கூடவே கீழே விலகிக்கொண்டு போகும். விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் தரையைத் தொடாது. செயற்கைக்கோள் என்பது இவ்வளவுதான். ஜூபிட்டர்-சி அந்த வேகத்துக்குக் கொஞ்சம்தான் குறைவாகப் போனது. மணலுக்குப் பதில் ஒரே ஒரு சிறிய ராக்கெட் எரிந்திருந்தால் உலகின் முதல் செயற்கைக்கோள் அன்றைக்கே மேலே போயிருக்கக்கூடும். அப்படித் தவறியும் போய்விடக் கூடாது என்று வாஷிங்டனிலிருந்து கண்டிப்பான உத்தரவு. ராக்கெட்டின் மூக்குக்கூம்பு காற்றுமண்டலத்துக்குள் திரும்பி நுழையும்போது தாங்குமா என்று பார்ப்பதுதான் காகிதத்தில் இருந்த வேலை, அதை மட்டும் செய்யுங்கள் என்றார்கள்.

ஏன் இந்தத் தடை? இதற்குப் பதில் 1955-ல் இருக்கிறது. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு என்று அறிவித்து, பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து பூமியை ஆராயத் திட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்துக்குள் ஒரு செயற்கைக்கோள் ஏவுவோம் என்று 1955 ஜூலை 29 அன்று வெள்ளை மாளிகை அறிவித்தது. நாங்களும் ஏவுவோம் என்று சில நாட்களிலேயே கோபன்ஹேகனில் சோவியத் விஞ்ஞானி லியோனித் சேதோவ் சொன்னார். அவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவுக்குள் இரண்டு திட்டங்கள் போட்டி போட்டன. ஒன்று ஃபான் பிரவுன் குழுவின் ஆர்பிட்டர், கையிலிருக்கும் ராக்கெட்டை வைத்து முடிப்பது. இன்னொன்று கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தின் வான்கார்ட், ஏறக்குறையப் புதிதாகவே செய்ய வேண்டிய ராக்கெட். தேர்வுக் குழு வான்கார்டைத்தான் எடுத்தது. அதன் கருவிகள் நேர்த்தியானவை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெளியே சத்தமாகச் சொல்லவில்லை. சோவியத் நாட்டின் மேலே உளவுச் செயற்கைக்கோள்களைப் பறக்கவிட வேண்டும் என்பது அதிபர் ஐசனோவர் நிர்வாகத்தின் உள்நோக்கம். ஒரு நாட்டின் வான்வெளியில் அனுமதியில்லாமல் விமானம் நுழைந்தால் சுட்டு வீழ்த்தலாம். அதற்கும் மேலே, விண்வெளியில்? அந்த உயரம் யாருக்குச் சொந்தம் என்று சட்டமே இல்லை. முதலில் அறிவியல் முத்திரை குத்திய ஒரு சாதுவான கோள் எல்லா நாடுகளின் மேலும் சுற்றி வந்து, யாரும் ஆட்சேபிக்காமல் போனால், பின்னால் வரும் கேமராக்களுக்கு வழி திறந்துவிடும். அந்தச் சாதுவான வேடம் அணு ஏவுகணை செய்யும் தரைப்படைக் குழுவின் ராக்கெட்டுக்குப் பொருந்தாது.

ஸ்புட்னிக் பறந்த நான்காம் நாள் வெள்ளை மாளிகைக் கூட்டமொன்றில் பாதுகாப்புத் துறை துணைச் செயலர் டொனால்ட் குவார்ல்ஸ் இதைப் போட்டு உடைத்தார்: விண்வெளி எல்லோருக்கும் பொது என்பதை ரஷ்யர்களே நிலைநாட்டி நமக்கு நல்லது செய்துவிட்டார்கள் என்ற பொருளில் பேசினார். இதை வைத்து, அமெரிக்கா வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தது என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தோற்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. இரண்டாவதாக வந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதைத்தான் அவர்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை.

சரி, ரஷ்யப் பக்கம் வருவோம். அவர்களுடைய ராக்கெட் பெரிதாக இருந்ததற்குக் காரணம் அவர்களுடைய அணுகுண்டு கனமாக இருந்ததுதான். அமெரிக்க குண்டுவீச்சு விமானங்களுக்குச் சோவியத் எல்லையைச் சுற்றிப் பல நாடுகளில் தளங்கள் இருந்தன. சோவியத்துக்கு அமெரிக்காவின் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை அவர்களுக்கு அவசரத் தேவை. அதில் ஏற்ற நினைத்த ஹைட்ரஜன் குண்டோ டன் கணக்கில் எடை. அதைத் தூக்குவதற்காகச் செர்கேய் கொரொலேவ் வடிவமைத்ததுதான் ஆர்-7. நடுவில் ஒரு தண்டு, சுற்றிலும் நான்கு பக்க ராக்கெட்டுகள், ஐந்தும் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிப்பவை. உயரத்தில் போய் எஞ்சினைப் பற்றவைப்பதை அன்றைக்கு நம்ப முடியாததால் ஐந்தையும் தரையிலேயே ஒன்றாகப் பற்றவைத்தார்கள். கிளம்பும்போது மொத்த எடை சுமார் 270 டன். வான்கார்டின் எடை சுமார் 10 டன்தான். பிற்பாடு அமெரிக்கர்கள் குண்டின் எடையைக் குறைக்கக் கற்றுக்கொண்டார்கள், அதனால் அவர்களுக்குப் பெரிய ராக்கெட் தேவைப்படவில்லை. ஒரு துறையில் முன்னால் போனது இன்னொரு துறையில் பின்னால் தள்ளியது.

கொரொலேவைப் பற்றி ஒரு வார்த்தை. 1938-ல் ஸ்டாலினின் களையெடுப்பில் கைதாகி, கோலிமா தங்கச் சுரங்க முகாமில் பல்லையும் உடல்நலத்தையும் இழந்தவர். 1957-ல் அவர் பெயர் அரசு ரகசியம். பத்திரிகைகளில் "தலைமை வடிவமைப்பாளர்" மட்டும்தான் வருவார். 1966 ஜனவரியில் இறந்த பிறகுதான் சொந்த நாட்டு மக்களுக்கே அவர் பெயர் தெரிந்தது.

ஆர்-7-இன் முதல் முயற்சி 1957 மே மாதம், தோல்வி. ஜூலையிலும் தோல்வி. ஆகஸ்ட் 21 அன்று கஜகஸ்தானிலிருந்து கிளம்பிக் கம்சாட்கா வரை, ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் பறந்துவிட்டது. ஆனால் குண்டு இருக்க வேண்டிய முனை, காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது சிதறிப்போனது. அதைத் திருத்தி வடிவமைக்கும்வரை ஏவுகணைச் சோதனைக்கு வேலை இல்லை. ராக்கெட் தயார், முனை தயாரில்லை. அந்த இடைவெளியில்தான் ஸ்புட்னிக் நுழைந்தது. ஏவுகணையின் கோளாறு செயற்கைக்கோளுக்கு வாய்ப்பானது.

முதலில் ஏவ நினைத்தது ஸ்புட்னிக்கையும் அல்ல. கருவிகள் நிறைந்த, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய கோள் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அது தாமதமாகிக்கொண்டே போனது. அமெரிக்கர்கள் எந்த நேரமும் முந்திவிடுவார்கள் என்று கொரொலேவுக்குப் பயம் (1956 செப்டம்பர் ஜூபிட்டர்-சி சோதனை அந்தப் பயத்தைக் கூட்டியிருக்கும்). அதனால் பெரியதை ஒதுக்கிவிட்டு "மிக எளிய துணைக்கோள்" ஒன்றைச் செய்வோம் என்று அனுமதி கேட்டார், 1957 பிப்ரவரியில் கிடைத்தது. ஸ்புட்னிக் என்ற ரஷ்யச் சொல்லுக்கு வழித்துணை, கூட நடப்பவர் என்று பொருள். என்னைக் கேட்டால் செயற்கைக்கோளைவிட அழகான பெயர்.

58 சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் கலவை உருண்டை, எடை 83.6 கிலோ. அதில் 51 கிலோ பேட்டரி மட்டுமே. உள்ளே நைட்ரஜன் வாயு, சூடு ஏறினால் ஓட ஒரு சின்ன மின்விசிறி, ஒரு ரேடியோ, வெளியே நான்கு மீசைகள் போல ஆண்டெனாக்கள். அறிவியல் கருவி என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. உள்ளே வெப்பமோ அழுத்தமோ எல்லை மீறினால் பீப் ஒலியின் நீளம் மாறும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு விஷயத்தில் கொரொலேவ் சமரசம் செய்துகொள்ளவில்லை. ஒன்று, உருண்டையைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றினார்கள். வெயிலைத் திருப்பி அனுப்பிச் சூட்டைக் கட்டுப்படுத்தும். இன்னொன்று அலைவரிசை: 20 மெகாஹெர்ட்ஸும் 40 மெகாஹெர்ட்ஸும். வீட்டு மாடியில் வானொலிக் கருவி வைத்திருக்கும் பொழுதுபோக்கு ஆர்வலர்கூடக் கேட்டுவிடலாம். இந்த விவரத்தை ரஷ்ய வானொலி இதழொன்று அந்தக் கோடையிலேயே அச்சடித்தும் விட்டது. அமெரிக்காவின் சொந்தக் கண்காணிப்பு நிலையங்களோ 108 மெகாஹெர்ட்ஸுக்காகக் கட்டப்பட்டவை. ஸ்புட்னிக் வந்தபோது அவசர அவசரமாக மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 4, மாஸ்கோ நேரம் இரவு 10.28. பின்னாளில் பைகோனூர் என்று பெயர்பெற்ற தியூராத்தாம் ஏவுதளம். தொலைக்காட்சிப் படங்களில் எல்லாம் கச்சிதமாக நடந்ததுபோல் காட்டுவார்கள். நடந்தது நூலிழைத் தப்பித்தல். பக்க ராக்கெட் ஒன்றின் எஞ்சின் முழு விசையை எட்டத் தாமதித்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஏவல் தானாகவே நின்றிருக்கும். போகிற வழியில் எரிபொருள் சீராக்கி பழுதாகி மண்ணெண்ணெய் அதிகமாகச் செலவானது, நடு எஞ்சின் ஒரு நொடி முன்னதாகவே அணைந்தது. அதனால் திட்டமிட்டதைவிடத் தாழ்வான பாதைதான் கிடைத்தது: அருகில் 215 கிலோமீட்டர், தொலைவில் 939. ஒரு சுற்றுக்கு 96 நிமிடம். முதல் சுற்று முடிந்து பீப் ஒலி மறுபடி கேட்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் சோவியத் தலைவர் குருஷேவுக்குப் போன் போட்டார்கள்.

அதே மாலை வாஷிங்டனில் சோவியத் தூதரகத்தில் ஒரு விருந்து. மேலே சொன்ன புவி இயற்பியல் ஆண்டுக்காக வந்திருந்த விஞ்ஞானிகளுக்கு. நியூயார்க் டைம்ஸ் நிருபர் வால்டர் சல்லிவனுக்குச் செய்தி எட்ட, அவர் அமெரிக்க விஞ்ஞானி லாயிட் பெர்க்னரின் காதில் போட்டார். பெர்க்னர் எழுந்து, ரஷ்யர்களின் விருந்தில் ரஷ்யர்களுக்கே வாழ்த்துச் சொல்லி அறிவித்தார். அங்கிருந்த பல ரஷ்யர்களுக்கும் அதுதான் முதல் செய்தி. சோவியத் நாளிதழ் பிராவ்தா மறுநாள் இதை அடக்கமான ஒரு செய்தியாகப் போட்டது. மேற்கு நாடுகள் போட்ட கூச்சலைப் பார்த்த பிறகு, அடுத்த நாள்தான் முதல் பக்கம் முழுக்க நிரப்பினார்கள்.

அந்த வாரங்களில் அந்தி நேரத்தில் "ஸ்புட்னிக்கைப் பார்த்தோம்" என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் பார்த்தது உருண்டையை அல்ல. உருண்டையோடு சேர்ந்து சுற்றுப்பாதைக்குப் போன ஆர்-7-இன் நடுத்தண்டு, 26 மீட்டருக்கு மேல் நீளமானது, பளிச்சென்று தெரிந்தது. 58 சென்டிமீட்டர் உருண்டை வெறும் கண்ணுக்கு எட்டுவதே கஷ்டம். வெடிகுண்டு சுமக்க வேண்டிய ராக்கெட்டின் காலி ஓடு தலைக்கு மேல் போவதைத்தான் அமெரிக்கர்கள் கொல்லைப்புறத்தில் நின்று பார்த்தார்கள். அவர்கள் பயந்ததும் சரியான பொருளைப் பார்த்துத்தான் என்று சொல்ல வேண்டும்.

நவம்பர் 3-ல் ஸ்புட்னிக் 2. புரட்சியின் நாற்பதாம் ஆண்டு விழாவுக்குள் ஏதாவது வேண்டும் என்று கேட்டதால் ஒரு மாதத்துக்குள் ஒட்டிச் சேர்த்தது. 508 கிலோ, உள்ளே லைக்கா என்ற நாய். திரும்பி வர ஏற்பாடே கிடையாது. பல நாள் உயிரோடு இருந்தது என்று அப்போது சொன்னார்கள். சூடு தாங்காமல் சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டது என்ற உண்மை 2002-ல்தான் வெளியே வந்தது.

இதற்குப் பதிலாக அமெரிக்கா டிசம்பர் 6 அன்று வான்கார்டை ஏவியது. அது சோதனை ராக்கெட்தான், முழு ராக்கெட்டும் சேர்ந்து பறப்பது அதுவே முதல் தடவை. ஆனால் முன்கூட்டியே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதால் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மீட்டருக்குச் சற்று மேல் எழும்பியது, அப்படியே உட்கார்ந்தது, வெடித்தது. உச்சியிலிருந்த ஒன்றரைக் கிலோ கோள் தூக்கியெறியப்பட்டுத் தரையில் கிடந்தபடி, சுற்றுப்பாதையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. நசுங்கிய அந்த உருண்டை இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்திரிகைகள் கபுட்னிக், ஃப்ளாப்னிக் என்று பெயர் வைத்துக் கிழித்தன.

அப்போதுதான் மணல் ராக்கெட்டின் நினைவு எல்லோருக்கும் வந்தது. உண்மையில் ஸ்புட்னிக் பறந்த இரவே ஃபான் பிரவுன், ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்திருந்த அடுத்த பாதுகாப்புச் செயலர் மெக்கெல்ராயிடம் 60 நாளில் முடிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மேலதிகாரி ஜெனரல் மெடாரிஸ் 90 நாள் என்று திருத்தினார். நவம்பர் 8-ல் அனுமதி, 1958 ஜனவரி 31 இரவு ஏவல்: 84 நாள். அதே ஜூபிட்டர்-சி, மணல் இருந்த இடத்தில் இப்போது எரியும் ராக்கெட். அதன் முனையில் எக்ஸ்ப்ளோரர் 1 என்ற செயற்கைக்கோள், ஏறத்தாழ 14 கிலோ. எதிர்பார்த்ததைவிட உயரமான பாதைக்குப் போய்விட்டதால் கலிஃபோர்னியாவில் சிக்னல் எட்டு நிமிடம் தாமதமாக வந்தது. காத்திருந்தவர்களுக்கு அந்த எட்டு நிமிடம் எப்படிக் கழிந்திருக்கும்!

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எக்ஸ்ப்ளோரர் 1-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன் ஒரு கெய்கர் கவுன்ட்டர் வைத்திருந்தார், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை எண்ணுவதற்காக. தாழ்வாகப் பறக்கும்போது எதிர்பார்த்த எண்ணிக்கை வந்தது. உயரே போனால் பூஜ்யம். கருவி கெட்டுவிட்டதா? மார்ச் 26-ல் எக்ஸ்ப்ளோரர் 3 போனது, இதில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர். இப்போது முழுச் சுற்றும் பதிவானது: எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், சட்டென்று பூஜ்யமாகி, பிறகு மறுபடி உச்சத்திலிருந்து இறங்கியது. கவுன்ட்டரின் இயல்பு அப்படி. துகள்கள் அளவுக்கு மீறிக் கொட்டினால் ஒன்றை எண்ணி மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடும், கருவி திணறிப்போய் எதையும் எண்ணாது. ஆய்வகத்தில் அதே மாதிரிக் கவுன்ட்டரின் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிப் பார்த்து இதை உறுதிசெய்தார்கள். பூஜ்யம் என்றால் இல்லை என்று அர்த்தமல்ல, எண்ண முடியாத அளவு என்று அர்த்தம். பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்களின் பட்டை அது. வான் ஆலன் பட்டை என்று இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பு ரஷ்யர்களுக்குப் போயிருக்க வேண்டியது. ஸ்புட்னிக் 2-லும் செர்கேய் வெர்னோவின் கதிர்வீச்சுக் கருவி இருந்தது. ஆனால் சோவியத் நிலையங்களின் மேலே அது தாழ்வாகப் பறந்தது. உயரே போய்ப் பட்டைக்குள் நுழைந்தது தென் அரைக்கோளத்தில். அங்கே ஆஸ்திரேலியாவில் சிக்னலைப் பதிவு செய்தவர்கள் இருந்தார்கள், அதைப் பிரித்துப் படிக்கும் முறையைச் சோவியத் தரப்பு கொடுக்கவில்லை. அடுத்து, தள்ளிப்போட்ட அந்தப் பெரிய கோள் ஸ்புட்னிக் 3 என்ற பெயரில் 1958 மே 15 அன்று போனது, 1,327 கிலோ, கருவிகள் நிறைய. அதன் டேப் ரெக்கார்டர் வேலை செய்யவில்லை. முதல் தடவை ரகசியம் கெடுத்தது, இரண்டாவது தடவை ஒரு டேப் கெடுத்தது.

கருவியே இல்லாத முதல் ஸ்புட்னிக்கிலிருந்தும் ஒன்று கிடைத்தது, அதுவும் அமெரிக்கர்களுக்கு. மேரிலாந்திலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபென்பாக் என்ற இரண்டு இளைஞர்கள் அந்தப் பீப் ஒலியைப் பதிவு செய்து பார்த்தார்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது விசில் கீச்சென்றும், தாண்டிப் போனதும் தடித்தும் கேட்கும் அல்லவா, அதே டாப்ளர் விளைவு. ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துச் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். 1958 மார்ச்சில் அவர்களுடைய மேலதிகாரி ஃபிராங்க் மெக்லூர் கணக்கைத் திருப்பிப் போட்டார்: கோள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், கேட்பவன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்கலாமே? அணு ஏவுகணை சுமக்கும் நீர்மூழ்கிகளுக்கு நடுக்கடலில் தங்கள் இடம் தெரிய வேண்டிய தேவை அப்போது இருந்தது. அதிலிருந்து டிரான்சிட் செயற்கைக்கோள்கள் வந்தன. இன்று போனில் வழி காட்டும் ஜிபிஎஸ்ஸின் முன்னோடி அது.

உங்கள் கடைசிக் கேள்வி. ஸ்புட்னிக் 1 இல்லை. பேட்டரி 1957 அக்டோபர் 26-ல் தீர்ந்தது. உருண்டை 1958 ஜனவரி 4-ல் காற்றுமண்டலத்தில் எரிந்தது, மூன்று மாத ஆயுள். ஸ்புட்னிக் 2 அதே ஆண்டு ஏப்ரலில். எக்ஸ்ப்ளோரர் 1 மட்டும் 1970 மார்ச் 31 வரை தாக்குப்பிடித்தது. இன்னும் மேலே இருப்பது, எல்லோரும் சிரித்த அந்த வான்கார்டின் தம்பி: 1958 மார்ச் 17-ல் போன வான்கார்ட் 1. 16 சென்டிமீட்டர் உருண்டை, ஒன்றரைக் கிலோ, குருஷேவ் பம்ப்ளிமாஸ் பழத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தது. சூரியமின்கலம் பொருத்திய முதல் கோள் அது, 1964 வரை சிக்னல் அனுப்பியது. பூமி சரியான உருண்டையல்ல, லேசாகப் பேரிக்காய் வடிவம் என்று அதன் பாதையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அருகில் வரும்போதும் 650 கிலோமீட்டர் உயரம் என்பதால் காற்றின் உராய்வு அதிகம் இல்லை. மனிதன் மேலே அனுப்பியவற்றில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் மிகப் பழைய பொருள் அதுதான், கூடவே அதைக் கொண்டுபோன ராக்கெட்டின் கடைசி அடுக்கும்.